கரப்பான் பண்டமும் கர்ப்பிணியின் தட்டும்

ஐப்பசிக் கடைசியில், பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை பிடுங்கி வந்த கடலைக்காயை மண் போகக் கழுவி, கல்லுப்புப் போட்டு அவித்து, மூங்கில் தட்டில் ஆவி பறக்கக் கொட்டினார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான அந்த வீட்டு மருமகள் ஒரு கை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டதும், உள்ளேயிருந்து வந்த மாமியார் தட்டையே எடுத்துத் தள்ளி வைத்தார். “வேண்டாம் கண்ணு, கரப்பான் பண்டம். நீ தின்னா வயித்துல இருக்கற புள்ளைக்குத்தான் கரப்பான் கட்டிக்கும்” என்றார். “நர்ஸம்மா தெனம் ஒரு பிடி கடலையும் ஒரு முட்டையும் தின்னச் சொன்னாங்களே அத்தை” என்று மருமகள் சொன்னதற்கு, “அவங்க சொல்லிட்டுப் போயிருவாங்க. ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டு அழுவற புள்ளைய யாரு தூக்கிக்கிட்டு நடக்கறது?” என்று பதில் வந்தது. முந்தானையில் இருந்த கடலையும் திரும்பத் தட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த மாமியாரை அறியாதவர் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. அவருடைய மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது கன்னமும் முழங்கை மடிப்பும் வெடித்து நீர் கசிந்ததையும், பிள்ளை சொறிந்துகொள்ளாமல் இருக்கக் கைகளில் துணி சுற்றி வைத்ததையும் அவர் அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார். கர்ப்பமாக இருந்தபோது தான் கருவாடும் கத்தரிக்காயும் தின்றதுதான் காரணம் என்று அப்போது ஊரே சொல்லியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக ஒரு தாய் சுமந்து வரும் அந்தப் பழிக்கு அறிவியலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தமிழ்நாட்டில் கரப்பான் என்று சொல்லப்படும் நோய்களில் பெரும்பங்கு, இன்றைய மருத்துவம் எக்ஸிமா என்று அழைக்கும் அரிப்புத் தோல் அழற்சிதான். அதை உண்டாக்கும் அல்லது கிளறிவிடும் உணவுகளுக்குக் ‘கரப்பான் பண்டம்’ என்று தனிப்பெயரே நம்மிடம் இருக்கிறது. கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு, நிலக்கடலை என்று அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காடுகளில் எது அதிகம் விளைகிறதோ அதுவே பெரும்பாலும் பட்டியலிலும் ஏறிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். இந்த நம்பிக்கைக்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில உணவுகள் தோலில் வெடித்து வெளிவரும் என்பது ஒன்று. தாய் தின்றது பிள்ளையின் உடம்பில் தங்கி அங்கே வெடிக்கும் என்பது இன்னொன்று. முதலாவது சிலருக்குப் பொருந்தும். இரண்டாவதைத்தான் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது கூற்றை நம் பாட்டிமார் மட்டும் நம்பவில்லை. 1998-இல் பிரிட்டன் அரசின் நிபுணர் குழு ஒன்று, குடும்பத்தில் ஆஸ்துமாவோ எக்ஸிமாவோ மகரந்தக் காய்ச்சலோ இருக்கும் பெண்கள் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் நிலக்கடலையைத் தவிர்க்க விரும்பலாம் என்று அறிவுறுத்தியது. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதே திசையில் இன்னும் தூரம் சென்றது: ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைக்கு ஒரு வயது வரை பசும்பால் வேண்டாம், இரண்டு வயது வரை முட்டை வேண்டாம், மூன்று வயது வரை கடலையும் மீனும் வேண்டாம் என்றது. பாலக்கோட்டு மாமியார் சொன்னதும் லண்டன் நிபுணர்கள் சொன்னதும் சாராம்சத்தில் ஒன்றே. ஆனால் அங்கே எதிர்பார்த்தபடி கடலை ஒவ்வாமை குறையவில்லை. எனவே 2008-இல் அமெரிக்கக் கழகமும் 2009-இல் பிரிட்டனும் அந்த அறிவுரையைக் கைவிட்டன. திரும்பப் பெறப்பட்ட அறிவுரைகளுக்கு ஆயுள் அதிகம். நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் அச்சடித்துத் தரும் உணவுத்தாள்கள் சிலவற்றில் இன்றைக்கும் அந்தப் பழைய தடை உட்கார்ந்திருக்கிறது.

அறிவுரை மாறியதற்கு வலுவான ஒரு காரணம், தாயின் உணவைக் கட்டுப்படுத்திப் பார்த்த ஆய்வுகள் எதையும் காட்டாததுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் புதுப்பித்த மதிப்பாய்வு, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பால், முட்டை போன்றவற்றை ஒதுக்கிய ஐந்து சோதனைகளை, மொத்தம் 952 பேரின் தகவல்களுடன் ஒன்றாக வைத்துப் பார்த்தது. கர்ப்ப காலத்தில் தாய் அவற்றை ஒதுக்கியதால், பிறந்த குழந்தைக்கு முதல் ஒன்றரை ஆண்டில் எக்ஸிமா குறைந்ததாகத் தெரியவில்லை. அதோடு நில்லாமல், உணவைக் கட்டுப்படுத்திய தாய்மாரின் எடை சற்றுக் குறைவாகவே கூடியது. குறைப்பிரசவத்துக்கும் பிறப்பு எடை குறைவதற்கும் வாய்ப்புக் கூடியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. 952 பேர் என்பது பெரிய எண்ணிக்கையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், பயன் தெரியாத ஒன்றுக்காக இப்படி ஒரு ஐயத்தை ஏற்றுக்கொள்வது சரியான கணக்கு ஆகாது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைக்கு உணவு ஒவ்வாமை வராமல் தடுக்கும் நோக்கில் கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ எந்த உணவையும் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்கிறது.

தாய் தின்றது ஏன் பிள்ளைக்கு ஒவ்வாமையாகப் போய்ச் சேர்வதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, ஒவ்வாமை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. அதன் பின்னால் இயங்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை 1966-இல் கண்டுபிடித்தவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர். ஒரு உணவின் புரதத்தை உடம்பு முதன்முதலாகப் பகையாக எண்ணிவிட்டால், அதற்கென்றே ஐஜிஇ-யைச் செய்து வைத்துக்கொள்கிறது. இது முதல் கட்டம். இதில் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே வரும்போது, காத்திருக்கும் ஐஜிஇ அதைப் பிடிக்க, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தடிப்பும் வாந்தியும் மூச்சுத் திணறலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் வருகின்றன.

தாயின் உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குத் தாராளமாகப் போவது ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்புப் புரதம். குழந்தை பிறந்த முதல் சில மாதங்கள் தொற்றுகளிலிருந்து அதைக் காப்பது அதுவே. ஐஜிஇ அப்படி நஞ்சுக்கொடியைத் தாண்டி வருவதில்லை. ஆகவே தாய்க்கு இறால் சேராது என்றால், அவருடைய ‘சேராமை’ அப்படியே பிள்ளைக்குள் இறங்கிவிடாது. ஒவ்வாமைக்கு ஆளாகும் உடல்வாகு மரபணு வழியே வரலாம், ஆனால் அது தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். தகப்பன் கருவாடு தின்றதை யாரும் கேட்பதில்லை. தாய் உண்ட உணவின் புரதத் துணுக்குகள் நுண்ணிய அளவில் தொப்புள்கொடி இரத்தத்திலும் தாய்ப்பாலிலும் தென்படுவது உண்மைதான். அந்த நுண்ணளவு, பிள்ளையின் உடம்புக்கு அந்த உணவை அறிமுகப்படுத்தி வைக்கும் பழக்கமாக அமையக்கூடும் என்று கருத இடமிருக்கிறது.

அப்படியானால் உடம்பு ஒரு உணவை முதன்முதலாகப் பகையாக எண்ணுவது எங்கே? இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த மிகச் சுவையான விடை, தோலில் என்பது. லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக்கும் அவருடைய குழுவினரும், பிரிட்டனின் ஏவன் பகுதியில் 13,971 குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்விலிருந்து கடலை ஒவ்வாமை உள்ளவர்களைத் தேடி எடுத்து, 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய் கர்ப்ப காலத்தில் கடலை தின்றதற்கும் பிள்ளையின் ஒவ்வாமைக்கும் அவர்களால் தொடர்பு காண முடியவில்லை. ஆனால் சொறி வந்த தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பைப் பூசிய குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. 2006-இல் தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடித்து வைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு எக்ஸிமாவுக்கு முக்கிய காரணம் என்று தெரியவந்ததும், படம் இன்னும் தெளிவானது. வெடித்த தோல் வழியே உணவுத் துகள் நுழைந்தால் உடம்பு அதைப் பகையாக எண்ணுகிறது. அதே உணவு வாய் வழியே குடலுக்குப் போனால் ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. லாக் 2008-இல் முன்வைத்த இந்தக் கருத்தின்படி பார்த்தால், பாலக்கோட்டு வீட்டில் காரண காரியம் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. உணவால் கரப்பான் வருகிறது என்று மாமியார் நினைக்கிறார். கரப்பான் வந்த தோல் வழியாகத்தான் பெரும்பாலும் உணவு ஒவ்வாமை நுழைகிறது என்கிறது ஆய்வு.

தோல் வழி நுழையும் ஒவ்வாமைக்கு ஜப்பானில் நடந்ததைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச்சோப்பு சில ஆண்டுகள் நன்றாக விற்றது. அதைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. வாழ்நாள் முழுதும் கோதுமைப் பண்டங்களைத் தடையில்லாமல் தின்று வந்தவர்கள், முகத்தில் தேய்த்த சோப்பினால் அவற்றைத் தின்ன முடியாதவர்கள் ஆனார்கள்.

இதைப் படிக்கும்போது நம் வீடுகளில் பிள்ளையைக் குளிப்பாட்டும் முறை நினைவுக்கு வராமல் இருக்காது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவி, பாசிப்பயறு மாவோ கடலைப்பருப்பில் அரைத்த கடலை மாவோ போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றும் அந்த வேலையை அனுபவப்பட்ட கிழவிகள் செய்யும்போது பார்க்க அழகாகவே இருக்கும். நல்ல தோல் உள்ள பிள்ளைக்கு அதனால் கெடுதல் வரும் என்று சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் கன்னமும் மடிப்புகளும் சிவந்து வெடித்திருக்கும் பிள்ளையின் தோலில் பயறு மாவையும் கடலை மாவையும் போட்டுத் தேய்ப்பதும், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைத் தடவுவதும், மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் தவிர்க்க வேண்டியவை. மாவின் சொரசொரப்பே வெடித்த தோலுக்குத் தொல்லை. மருத்துவர் தரும் மணமில்லாத களிம்பும், தேவைப்பட்டால் அழற்சியைத் தணிக்கும் மருந்தும்தான் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். தாயின் தட்டில் போடும் தடையில் பாதிக் கண்டிப்பைப் பிள்ளையின் தோலைப் பார்ப்பதில் காட்டினால் பலன் கூடும் என்பது என் எண்ணம்.

வாய் வழியே போனால் உடம்பு பழகும் என்பதற்கான சான்று இதைவிட உறுதியானது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வில், கடலை ஒவ்வாமை பிரிட்டனில் 1.85 சதவீதமாகவும் இஸ்ரேலில் 0.17 சதவீதமாகவும் இருந்தது. மூதாதையர் வழி இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு, இஸ்ரேலில் பல் முளைக்கும் பருவத்திலேயே பிள்ளைகளுக்குக் கடலையில் செய்த பொரி போன்ற ஒரு தின்பண்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் அப்போது பெரும்பாலும் ஒரு வயதுக்குள் கடலையைக் காட்டியதே இல்லை. இதைச் சோதித்துப் பார்க்க, கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுக்குள்ளான 640 குழந்தைகளை லாக் குழுவினர் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடலை உணவை வாரந்தோறும் கொடுத்தும் மறுபாதிக்கு அறவே கொடுக்காமலும் ஐந்து வயது வரை பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது, தின்றவர்களில் 3.2 சதவீதத்தினருக்கே வந்தது. உலகெங்கும் குழந்தை உணவு அறிவுரைகள் தடம் மாறியது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

தாய் கடலையை நிறையத் தின்றால் பிள்ளைக்குப் பாதுகாப்புக் கூடுமா என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடை இல்லை. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, தமக்குக் கடலை ஒவ்வாமை இல்லாத தாய்மாரில், கர்ப்ப காலத்தையொட்டி வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகளும் தின்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்ததாகக் கண்டது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, முதல் மூன்று மாதங்களில் கடலை அதிகம் தின்ற தாய்மாரின் பிள்ளைகளிடமும் அப்படியே கண்டது. ஆனால் 2010-இல் வந்த ஒன்று, ஏற்கெனவே ஒவ்வாமைக் கூறு தென்பட்ட கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய தாய்மார் கடைசி மூன்று மாதங்களில் கடலை அதிகம் தின்றிருந்தால் பிள்ளைக்குக் கடலை ஐஜிஇ கூடியிருப்பதாகக் காட்டியது. இவை எல்லாம் தாய்மாரிடம் என்ன தின்றீர்கள் என்று கேட்டு எழுதியவை. கடலை தின்பவரும் தின்னாதவரும் வேறு பல வகைகளிலும் வேறுபடுவார்கள் என்பதால், இவற்றை வைத்துக் கடலையை மருந்தாக எண்ணித் திணிப்பதும் தவறு, நஞ்சாக எண்ணித் தடுப்பதும் தவறு. பசிக்கும் அளவுக்கும் ஆசைக்கும் தின்றால் போதும்.

மீன் எண்ணெயைப் பற்றி வந்த செய்திகள் சற்று நம்பிக்கை தருபவை. டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில், 24-ஆம் வாரத்திலிருந்து தினமும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு 2.4 கிராம் கொடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளில் 16.9 சதவீதத்தினருக்கும், கொடுக்கப்படாதவர்களின் பிள்ளைகளில் 23.7 சதவீதத்தினருக்கும் தொடர் இழுப்போ ஆஸ்துமாவோ வந்தது. இந்த முடிவு 2016-இல் வெளியானது. 2.4 கிராம் என்பது பெரிய அளவு. கிருஷ்ணகிரி அணையிலும் ஒகேனக்கல்லிலும் பிடிபடும் ஆற்றுமீனைக் குழம்பு வைத்துத் தின்று எட்டக்கூடியதன்று. பெட்டியில் ஐஸ் போட்டு வந்து இறங்கும் மத்தி மலிவானது, அந்தக் கொழுப்பும் அதில் அதிகம். வாரம் இரண்டு நாள் கிடைத்தால் நல்லது. வைட்டமின் டி மாத்திரைகளைக் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்ததில் ஆஸ்துமாவைத் தடுப்பதாக உறுதியாகவில்லை.

நம் பக்கத்து எண்கள் வேறு கதை சொல்கின்றன. ஓசூரிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கம் என்று சொல்லத்தக்க பெங்களூரு, மைசூருப் பகுதிகளும் சேர்ந்திருந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், பள்ளிக் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை 0.14 சதவீதமே இருந்தது. அதே ஆய்வில் ஹாங்காங்கில் 1.5 சதவீதம். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது ஐந்தில் ஒருவருக்கு அருகில் ஏதாவது ஒரு உணவுக்கு ஐஜிஇ இருந்தது. இரத்தத்தில் ஐஜிஇ இருந்தும், அந்த உணவைத் தின்றால் ஒன்றும் ஆகாத பிள்ளைகளே அவர்களில் மிகப் பெரும்பாலோர். கரப்பான் பட்டியலில் முதலில் நிற்கும் கத்தரிக்காயையும் மைசூர் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை: 2008-இல் 741 பேரிடம் விசாரித்துச் சோதித்ததில் 9 சதவீதத்தினரிடம் கத்தரிக்காய்க்கு ஏதோ ஒரு வகை ஒத்துக்கொள்ளாமை தென்பட்டது, ஐஜிஇ வழி வரும் உண்மையான ஒவ்வாமை 1 சதவீதத்துக்கும் கீழே. பாட்டிமார் கத்தரிக்காய்மேல் வைத்த சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை, தின்ற ஆளைத் தாண்டி வயிற்றுப் பிள்ளை வரை நீளும் அளவுக்கு மெய்யும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிட வேண்டும். என் உறவுக்காரப் பெண் ஒருவர், பிள்ளைக்குச் சொறி வந்ததென்று பக்கத்து நகரத்துத் தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்தார். பால், முட்டை, கோதுமை, துவரை, கடலை, தக்காளி என்று நீண்ட பட்டியலைச் சிவப்பு மையில் அடித்துத் தந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைக்கும் நிறுத்தினார், இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது தானும் நிறுத்தினார். அந்தப் பிள்ளை அதுவரை தினமும் பாலும் தோசையும் தின்று நன்றாகவே இருந்தது என்பதை அந்தத் தாளைக் கொடுத்த யாரும் கேட்கவில்லை. தின்றால் என்ன ஆகிறது என்ற விசாரணை இல்லாமல் எடுக்கும் இரத்தச் சோதனைக்கு மதிப்பு மிகக் குறைவு.

இப்போது தட்டுக்கு வருவோம். இங்கே ஒரு சாதாரண வீட்டுக் கர்ப்பிணியின் நாள் உணவு, காலையில் கேழ்வரகுக் கூழோ இட்லியோ, மதியம் களியும் கீரைக் கடைசலும் அல்லது சோறும் கொள்ளு ரசமும், இரவில் மீந்த சோறோ தோசையோ. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அந்த வகையில் களி தின்னும் ஊர் கொடுத்து வைத்தது. குறைவது புரதம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வழக்கமான அளவுக்கு மேல் நாளொன்றுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு பிடி, அதாவது 30 கிராம் கடலையில் சுமார் 7 கிராம். கரப்பானுக்கு அஞ்சி இந்த இரண்டையும் எடுத்துவிட்டால், கூடுதலாக வேண்டியதில் பாதிக்கும் மேல் கழிந்துவிடுகிறது. அதை ஈடுகட்டப் பாலும் பனீரும் ஆட்டுக்கறியும் வாங்கும் வசதி எத்தனை வீடுகளில் இருக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் சத்துமாவும் பேரீச்சையும் இரும்புச்சத்து டானிக்கும் நெய்யும் பெட்டியில் வைத்துக் கொடுப்பது இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். அரசு ஒரு கையால் கொடுப்பதை வீட்டின் பத்தியம் மறு கையால் எடுத்துக்கொள்கிறது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு இருக்கும் ஆபத்துகளோடு ஒப்பிட்டால், வருமா வராதா என்று தெரியாத கரப்பான் சிறிய விஷயம்.

கடலையைப் பற்றி அஞ்ச வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைப் பேசுவார் குறைவு. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, ஈரம் காயாமல் மூட்டை கட்டிய காயில் பூஞ்சணம் ஏறினால் அஃப்லடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்குமேல் செத்து விழுந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. ஈரலைக் கெடுக்கும் இந்த நஞ்சு தாயிடமிருந்து கருவுக்கும் போகும். அவித்தாலும் வறுத்தாலும் முழுதும் அழியாது. சுருங்கியும் நிறம் மாறியும் கசந்தும் இருக்கும் பருப்பை மற்றவர்களுக்குப் போடாமல் தானே தின்று தீர்க்கும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. கர்ப்பிணி அதைச் செய்யவே கூடாது. நன்றாகக் காய்ந்த, தோல் இறுகிய, நல்ல மணமுள்ள பருப்பைத் தின்னட்டும்.

வீட்டுப் புகையையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கர்ப்பிணி இழுக்கும் பீடி, சிகரெட் புகை பிள்ளைக்குப் பின்னாளில் இழுப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது உணவைப் பற்றிய எந்த ஆய்வைக் காட்டிலும் உறுதியான செய்தி. கடலைத் தட்டை எடுத்துத் தள்ளி வைத்த அதே திண்ணையின் மறு ஓரத்தில், பீடியைப் பற்றவைத்தபடி ஒருவர் அன்று பேசிக்கொண்டிருந்தார்.

தாய் எதையும் தவிர்க்க வேண்டாம் என்பதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு: தாய்க்கே ஒரு உணவு சேராது என்று உறுதியாகியிருந்தால், அவர் தன் நலத்துக்காக அதைத் தொடக்கூடாது. கர்ப்ப காலத்தில் கடும் ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் விழுந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து.

பிள்ளை பிறந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தபின், ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சும் கேழ்வரகுப் பாலோடு மற்ற உணவுகள் தொடங்கும்போதே, வறுத்து நைசாகப் பொடித்த கடலையைச் சிட்டிகை அளவிலும், நன்றாக வெந்த முட்டையைக் கடுகளவிலும் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். தொடங்கியபின் விட்டுவிடாமல் வாரம் சில முறை கொடுத்துவர வேண்டும். முழுக்கடலையை மட்டும் ஐந்து வயது வரை கையில் தரக்கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடுமையான கரப்பான் இருக்கும் பிள்ளைக்கு இவற்றை எப்போது, எங்கே வைத்து முதலில் கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். நான்கு மாதம் முடிந்ததும் தொடங்கச் சொல்வதும் உண்டு. கொடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சிரைப்பு, துவண்டு போதல் என்று எது வந்தாலும் மந்திரிக்கவோ விபூதி போடவோ நிற்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அதற்கு உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

மூத்த பிள்ளைக்கு ஒவ்வாமை உறுதியாகி, அடுத்ததைச் சுமக்கும் தாய்மார் கேட்பதும் இதே கேள்விதான்: இந்த முறையாவது நான் வாயைக் கட்டட்டுமா? அவர்களுக்கும் விடை மாறுவதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது, மூத்தவனுக்காக வீட்டிலிருந்தே அந்த உணவை முழுதும் அகற்றிவிட்டால் இளையதுக்கு அதை ஆறாம் மாதத்தில் எப்படிக் கொடுப்பது என்ற சிக்கலை. மூத்தவன் பள்ளிக்குப் போன நேரத்தில் தனிக் கிண்ணத்தில் கொடுத்து, கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடும் வீடுகள் உண்டு.